இடாப்பில் விடுபட்ட பெயர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்துகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1981 ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புக்கு யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றுக்கு வந்து, 1989 இல் உயர்தரம் எழுதி முடிக்கும் வரை அங்கேயே விடுதியில் நின்று படித்தவள் நான். இப்போது வவுனியாவில் இருக்கிறேன். எங்கள் வகுப்பில் 38 பேர். அவர்களில் 14 பேர் விடுதிப் பிள்ளைகள். மற்றவர்கள் வீட்டிலிருந்து வந்து போனவர்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் தோழி ஒருத்தி சென்ற ஆண்டு வாட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் தொடங்கி, ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சேர்த்தாள். இப்போது 29 பேர் இருக்கிறோம். அடுத்த கோடையில் ரொறன்ரோவில் ஒன்றுகூடல் என்று தீர்மானித்திருக்கிறார்கள். அதை ஒட்டி ஒரு மலர் வெளிவருகிறது. பாடசாலையை விட்ட பிறகு நடந்த வாழ்க்கையை ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் எழுதி, அன்றைய படம் ஒன்றும் இன்றைய படம் ஒன்றும் சேர்த்து அனுப்ப வேண்டும். பெரும்பாலானோர் அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றையும் வாசித்தேன். கணவரின் தொழில், பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழகம், மகளின் அரங்கேற்றம், வாங்கிய வீடு, சுற்றிப் பார்த்த நாடுகள். யாரும் பெருமைக்காக எழுதியதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் என் பக்கத்தை எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. நான் திருமணம் செய்யவில்லை. கிளிநொச்சியில் ஆசிரியையாக இருந்தேன். 2008 இல் பாடசாலையோடு இடம்பெயர்ந்தேன். 2009 இல் என் சொந்த அக்காவை இழந்தேன். மெனிக் பாம் முகாமில் இருந்த காலத்தில் உயர்தரம் எழுதவிருந்த பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தேன். பிறகு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்தது. அக்காவின் மகளை வளர்த்து ஆளாக்கினேன். சொல்வதற்கு இவ்வளவுதான். இதை எழுதினால் அவர்களுடைய சந்தோஷத்தைக் கெடுத்தவளாவேன். எழுதாமல் விட்டால் பொறாமையில் ஒதுங்கிவிட்டதாக நினைப்பார்கள்.

இன்னொரு விடயம். எட்டு ஆண்டுகள் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் 1990 இல் இயக்கத்துக்கு, அதாவது விடுதலைப் புலிகளிடம், போனாள். 1991 இல் ஆனையிறவுச் சண்டையில் இறந்துபோனாள். மலரில் அவளைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதட்டுமா என்று குழுவில் கேட்டேன். "அரசியல் வேண்டாம், எல்லோரும் ஊருக்கு வந்து போகிறவர்கள்" என்று பதில் வந்தது. இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. என்னிடமுள்ள வகுப்புப் படத்தில் அவள் என் தோளில் கை போட்டபடி நிற்கிறாள். எங்களுக்கு முன்வரிசையில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவிலிருந்து வந்து படித்த பிள்ளை இருக்கிறாள். அவள் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசியாக, என்னுடைய விமானச் சீட்டுக்கு எல்லோரும் சேர்ந்து காசு போடுவதாகச் சொல்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள் என்று விளங்குகிறது. ஆனாலும் மனம் கூசுகிறது. நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி

(கடிதம் எழுதியவரின் பெயரும் பாடசாலையின் பெயரும் அவர் கேட்டுக்கொண்டபடி நீக்கப்பட்டுள்ளன.)

அன்புள்ள தங்கைக்கு,

மலருக்கான பக்கத்தை நீங்கள் எழுதத்தான் வேண்டும். ஆனால் மற்றவர்கள் எழுதியவற்றை மாதிரியாக முன்னால் வைத்துக்கொண்டு எழுத உட்காராதீர்கள். கணவர், பிள்ளைகள், வீடு, பயணம் என்ற தலைப்புகளின் கீழ் அடங்கும் வாழ்க்கைக்கு அந்த மாதிரி போதும். உங்களுடைய ஆண்டுகள் வேறு விதமாகக் கழிந்திருக்கின்றன. அவற்றை அந்தத் தலைப்புகளுக்குள் தேடினால் ஒன்றும் அகப்படாது, அகப்படாததைக் கண்டு சொல்வதற்கு எதுவும் இல்லை என்று நீங்களே நம்பிவிடுவீர்கள். உங்கள் கடிதத்தில் "இவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது அப்படி வந்த சொல்தான்.

நானும் விடுதியில் நின்று படித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் எங்களை வாங்குகளில் வரிசையாக இருத்தி வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். எழுதியதை உறையில் இட்டு, ஒட்டாமல், விடுதிப் பொறுப்பாளரான மேற்றனின் மேசையில் வைக்க வேண்டும். அவர் வாசித்துப் பார்த்த பிறகே அது தபாலுக்குப் போகும். ஆகவே எல்லோருடைய கடிதமும் ஒரே கடிதமாகவே இருந்தது: "நான் நல்ல சுகம், உங்கள் சுகத்துக்கு இறைவனை வேண்டுகிறேன், படிப்பு நன்றாகப் போகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை." முந்திய இரவு முழுவதும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதவளும் இதையே எழுதினாள். காய்ச்சலில் வாய் கசந்து ஒரு வாய் கஞ்சியும் இறங்காமல் கிடந்து எழும்பியவளும் இதையே எழுதினாள். அவற்றைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா கவலைப்படக் கூடாது என்ற எண்ணமும் மேற்றன் கோபிக்கக் கூடாது என்ற பயமும் சேர்ந்து அந்த நடையை உண்டாக்கின. உண்மையான செய்திகள் விளக்கு அணைத்த பிறகு, கட்டிலுக்குக் கட்டில், மேற்றனின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு சொல்லப்பட்டவை. யாருடைய அப்பா குடிக்கிறார், யாருடைய தங்கைக்குச் சுகமில்லை, யாருக்கு இந்தத் தவணைக் கட்டணம் இன்னும் வந்து சேரவில்லை என்பதெல்லாம் அந்த இருட்டில்தான் தெரியவந்தன.

நீங்கள் விவரித்திருக்கும் பக்கங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள். மலர் அச்சாகிவிட்டால் கணவர் வாசிப்பார், பிள்ளைகள் வாசிப்பார்கள், மைத்துனி வாசிப்பாள், யாராவது படம் பிடித்து முகநூலிலும் போடுவார்கள். அத்தனை கண்களுக்கும் ஏற்றபடி எழுத வேண்டியிருப்பதால், உங்களுடைய தோழிகள் மேற்றன் வாசிக்கத் தக்கதை எழுதியிருக்கிறார்கள். "1991 இல் கனடாவுக்கு வந்தேன்" என்று ஒருத்தி எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கக்கூடும் என்று யோசித்துப் பாருங்கள். கொழும்பில் ஒரு லொட்ஜில் பொலிஸ் பதிவுக்குப் பயந்து கழித்த மாதங்கள், ஏஜென்சிக்காரனுக்கு ஈடாகப் போன காணி, இடையில் மாட்டிக்கொண்ட ஏதோ ஒரு நாட்டு விமான நிலையம், அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தன் வாழ்க்கையையே நிரூபிக்க நேர்ந்த அவமானம், தொழிற்சாலையில் இரவு வேலை, படத்தில் மட்டும் பார்த்த ஒருவரோடு தொடங்கிய குடும்பம். பாரிஸுக்குப் போனவர்களுக்கு உணவகச் சமையலறைகள். நோர்வேயின் வட கரைக்குப் போனவர்களுக்கு மீன் பதனிடும் தொழிற்சாலைகள். அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி கிடையாது. அம்மாவின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அம்மா கிளாலிக் கடலைத் தாண்டி வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து ஒரு கொமியூனிகேசன் கடையில் காத்திருக்க வேண்டும். வீட்டின் படத்தைப் போட்டவள் அந்த வீட்டுக்கு முன்னால் எத்தனை நிலவறைகளில் குடியிருந்தாள் என்பதை எழுதவில்லை. உங்களிடம் இருப்பது போலவே அவளிடமும் எழுதாத பக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் முதலில் எழுதினால் மற்றவர்களுக்கும் எழுதத் துணிவு வரும் என்று நான் நினைக்கிறேன். சந்தோஷத்தைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம்.

யாழ்ப்பாணத்துப் பெண்கள் விடுதிப் பாடசாலைகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்தத் தலைப்புகள் எங்கிருந்து வந்தன என்பதும் விளங்கும். வட்டுக்கோட்டையில் 1823 இல் ஆண்களுக்கான உயர்கல்விக்கூடமான செமினறியைத் தொடங்கிய அமெரிக்க மிசன், அடுத்த ஆண்டே உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் அதுவும் ஒன்று. பெண்ணை வீட்டுக்கு வெளியே இரவில் தங்கவிடுவதா என்று ஊர் மறுத்த காலத்தில், உணவும் உடையும் கொடுத்து, படித்து முடிப்பவளுக்குச் சீதனமும் கொடுத்துத்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயரையே அந்தப் பிள்ளைக்குச் சூட்டுவதும் வழக்கமாக இருந்தது. செமினறியில் படித்த ஆண்களுக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நோக்கங்களில் ஒன்று. ஆக, விடுதியை விட்டுப் போன பெண் என்ன ஆனாள் என்ற கேள்விக்கு யாரை மணந்தாள் என்பதே முதல் விடையாக அமைந்துவிட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் மலர்களில் முதல் வரி கணவரின் தொழிலாக இருப்பதற்கு உங்கள் தோழிகளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே பாடசாலைகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் என்று யோசியுங்கள். உங்களுக்கும் எனக்கும் கணிதமும் தமிழும் சங்கீதமும் சொல்லித் தந்தவர்களில் எத்தனையோ பேர் திருமணம் செய்யாதவர்கள். விடுதியின் ஓரத்து அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு றங்குப் பெட்டி என்று வாழ்ந்து, மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களைப் பற்றி "சொல்வதற்கு இவ்வளவுதான்" என்று உங்கள் வகுப்பில் ஒருத்தியாவது சொல்லுவாளா? இன்றைக்கும் உங்கள் குழுவில் யாராவது அந்த ஆசிரியைகளில் ஒருவரின் பெயரை எடுத்தால், அன்று முழுவதும் செய்திகள் வந்துகொண்டே இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மெனிக் பாம் முகாமில் படிப்பித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. வன்னியிலிருந்து வந்தவர்களை முள்வேலிக்குள் வைத்த அந்த முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். 1913 இல் மருதனார்மடத்தில் சைவப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு கல்லூரியைக் கட்டிய அதே பொன்னம்பலம் இராமநாதனின் பெயர், 96 ஆண்டுகள் கழித்து ஒரு முகாம் வலயத்துக்குப் பெயராயிற்று. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அங்கிருந்த பிள்ளைகள் முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். மே மாதத்தில் எறிகணைகளுக்குள்ளால் வெளியேறி வந்த பிள்ளை, ஓகஸ்டில் இணைந்த கணிதத் தாள் எழுதியிருக்கிறது. இடையில் இருந்தவை மூன்றே மாதங்கள். அந்த மூன்று மாதங்களில் அவர்களுக்கு முன்னால் நின்றவர்களில் நீங்களும் ஒருவர், அதுவும் அக்காவை இழந்த கையோடு.

இதைச் சாதனையாக எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதினால் அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக் கடிதமாகிவிடும். அங்கே எது கரும்பலகையாக இருந்தது, வெண்கட்டி எங்கிருந்து வந்தது, கையில் ஒரு புத்தகமும் இல்லாதபோது எந்தப் பயிற்சிகளை நினைவிலிருந்து எழுதிப் போட்டீர்கள், தண்ணீர் வரிசையில் நிற்க வேண்டிய பிள்ளை எப்படி வகுப்புக்கு வந்தது, தகரக் கொட்டிலின் வெக்கையில் எத்தனை மணிக்கு வகுப்பை நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் வகுப்புத் தோழிகள் இதை விளங்கிக்கொள்வதற்கு அவர்களுக்கென்று ஒரு தகுதி இருக்கிறது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் வந்தபோது, பாடசாலைகளும் கோயில்களும் அகதி முகாம்களாயின. வகுப்பறைகளில் குடும்பங்கள் படுத்தன. அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு அதே வகுப்பறைகளைக் கழுவி, வாங்குகளை அடுக்கி, இரண்டு ஆண்டுகளில் உயர்தரம் எழுதினார்கள். அப்படி எழுதிய வகுப்பு உங்களுடையது. முகாமுக்குள் ஒரு பிள்ளை பரீட்சை எழுதுவது என்றால் என்ன என்று ஸ்காபரோவிலிருக்கும் உங்கள் தோழிக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வளர்த்த மகளைப் பற்றி எழுதும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். தாயின் இறப்பு அச்சில் வருவதை அவள் விரும்பாமலும் இருக்கலாம்.

இனி, பக்கத்துக் கட்டில் தோழி. "அரசியல் வேண்டாம்" என்று எழுதியவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. குழுவில் இருக்கும் 29 பேரின் வீடுகளிலும் 29 விதமான இழப்புகள் இருக்கும். ஒருத்தியின் தம்பியை இராணுவம் கொண்டுபோயிருக்கும். ஒருத்தியின் மாமாவை இயக்கம் சுட்டிருக்கும். கடைசி ஆண்டுகளில் வன்னியில் பிள்ளைகளைப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போனதை, கிளிநொச்சியில் ஆசிரியையாக இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது பதில் வராத பெயர்களை வைத்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கு வந்து போகிறவர்களின் பயமும் காரணமில்லாத பயம் இல்லை. இவை எல்லாம் இருந்தாலும், ஆறாம் வகுப்பு முதல் உங்களோடு ஒரே கிணற்றடியில் முறை வைத்துக் குளித்து, உயர்தரம் வரை ஒரே மேசையில் சாப்பிட்ட ஒருத்தியின் பெயர், அந்த வகுப்பின் மலரில் இல்லாமல் போவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியாது. அவள் இயக்கத்தில் இருந்த காலம் ஓர் ஆண்டு அளவு. உங்கள் வகுப்பில் இருந்த காலம் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளைச் சொல்லும் உரிமை உங்கள் எல்லோருக்கும் உண்டு. அவற்றை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்லவும் முடியாது.

எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். முதலில் அவளுடைய குடும்பத்தைத் தேடிப் போய்க் கேளுங்கள். தாய் உயிரோடிருந்தால் தாயிடம், இல்லையென்றால் உடன்பிறந்தவர்களிடம். அவர்கள் வேண்டாம் என்றால், அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. மகள் இயக்கத்தில் இருந்தாள் என்பதால் 2009 க்குப் பிறகு எத்தனை தடவை விசாரணைக்கு ஆள் வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சம்மதித்தால், அவள் விடுதி வாசலைத் தாண்டிப் போன நாள் வரைக்கும் எழுதுங்கள். ஏன் போனாள் என்பதற்கு விளக்கமும் வேண்டாம், போனது சரியா பிழையா என்ற தீர்ப்பும் வேண்டாம். தனியான பக்கத்துக்குக் குழு சம்மதிக்காவிட்டால் அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள். உங்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்துக்குள்ளேயே அவள் வரட்டும். உங்களுடைய எட்டு ஆண்டுகளிலிருந்து அவளை நீக்கித் தரும்படி யாரும் உங்களிடம் கேட்க முடியாது.

அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போகும்போது வகுப்புப் படத்தைப் பெரிதாக்கி ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடிய குடும்பங்களிடம் பழைய படங்கள் மிஞ்சியது குறைவு. போருக்குப் பிறகு, சண்டையில் இறந்த இயக்கத்தவரைப் புதைத்த துயிலுமில்லங்களையும் இடித்துவிட்டார்கள். பிள்ளையின் பெயர் பொறித்த கல் இருந்திருந்தாலும் அதுவும் போய்விட்டது. பள்ளிச் சீருடையில், இன்னொருத்தியின் தோளில் கை போட்டபடி நிற்கும் மகளின் முகம் அந்த வீட்டில் இல்லாமல் இருக்கலாம்.

சோனகத் தெருவிலிருந்து வந்த பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களை வருத்துவதற்காக இதைச் சொல்லவில்லை; ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அந்த வரிதான். அவள் எங்கே என்று தெரியாது என்கிறீர்கள். எப்படிப் போனாள் என்பது எல்லோருக்கும் தெரியும். 1990 ஒக்டோபர் 30 ஆம் தேதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000 க்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டார்கள். நகையையும் காசையும் வழியிலேயே பறித்துக்கொண்டு, உடுத்த உடையோடும் ஒரு பையோடும் அனுப்பினார்கள். உங்கள் தோழி உயர்தரம் எழுதி முடித்து ஓராண்டு. பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தாளோ, திருமணம் பேசியிருந்தார்களோ, சான்றிதழ்களை எடுக்க நேரம் கிடைத்ததோ, எதுவும் நமக்குத் தெரியாது.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30 ஆம் தேதி, யாழ்ப்பாண நகரமும் அடங்கிய வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் வெளியேறும்படி சொல்லப்பட்டு, மழைக்குள்ளால் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டி இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கு நடந்தார்கள். உங்கள் வகுப்பில் அந்த இரவில் நடந்தவர்கள் பலர் இருப்பார்கள். அதைப் பற்றி மலரில் ஒருவராவது எழுதியிருப்பார். 1995 ஐ நாங்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், கவிதை எழுதுகிறோம், பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே தேதியில் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் வகுப்பறைகளிலிருந்து இல்லாமல் போனவர்களைப் பற்றி எங்கே என்று தெரியாது என்று சொல்லிவிடுகிறோம். இயக்கத்துக்குப் போன தோழிக்காகக் குழுவிடம் ஒரு பக்கம் கேட்க உங்களுக்குத் துணிவு இருந்தது. இயக்கம் வெளியேற்றிய தோழிக்காகவும் அதே துணிவோடு கேளுங்கள். இருவரையும் ஒரே மலரில் சேர்க்கும்போது, அரசியல் என்று சொல்லி ஒதுக்குவது இன்னும் கடினமாகிவிடும் என்பதும் என் எண்ணம். அதைவிட முக்கியமானது, அந்த வகுப்புப் படத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்பது.

அவளைத் தேடுவது பெரிய காரியம் அல்ல. வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும், சிலர் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் தங்கினார்கள். 2009 க்குப் பிறகு ஒரு பகுதியினர் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். தகப்பனின் பெயரும் கடையின் பெயரும் உங்களில் யாருக்காவது நினைவிருந்தால், சோனகத் தெருவில் வயதான ஒருவரிடம் கேட்டாலே இன்னாருடைய மகள் இன்ன இடத்தில் என்று சொல்லிவிடுவார்கள். ஊரை இழந்தவர்கள் ஊராரின் கணக்கை மறப்பதில்லை. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் புத்தளத்துக்கும் போய் வரக்கூடியவர் அந்தக் குழுவில் நீங்களும் இன்னும் சிலரும்தான். கனடாவிலிருந்து யாரும் இதைச் செய்துவிட முடியாது. கண்டுபிடித்தால், உடனே குழுவில் சேர்த்துவிடாதீர்கள். முதலில் நேரில் போய்ப் பாருங்கள். இத்தனை காலம் எங்கே போயிருந்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீ போன பிறகு உன்னை நாங்கள் தேடவில்லை என்று சொல்லுங்கள், பிறகு அவள் பேசட்டும். பேச விருப்பமில்லை என்றாலும், மலரில் தன் படத்தைப் போட வேண்டாம் என்றாலும், அது அவளுடைய உரிமை, திரும்பி வந்துவிடுங்கள்.

விமானச் சீட்டுக்கு வருகிறேன். விடுதியில் ஒருத்தியின் அம்மா பலகாரப் பெட்டியோடு வந்தால் அன்று இரவு எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்; யாரும் அதைக் கடனாக எண்ணியதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் தருவதை வாங்கிக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று குழுவில் பட்டியல் போடுவதற்குச் சம்மதிக்காதீர்கள். உங்களுக்கு நெருக்கமான இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் பேசி, உங்களோடு தனியாகப் பேசி முடிக்கட்டும் என்று, குழுவைத் தொடங்கிய தோழியிடம் நேரடியாகச் சொல்லுங்கள். அவள் விளங்கிக்கொள்வாள். விசா கிடைக்குமா என்பது வேறு கேள்வி. வவுனியாவிலிருந்து தனியாக விண்ணப்பிக்கும் ஒரு பெண்ணுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு, அழைப்பவரின் வருமானச் சான்று எல்லாவற்றையும் இப்போதிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள், கிடைக்காமல் போனால் அதை உங்களுடைய குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எப்படியானாலும், கோடைக்குப் பிறகு இன்னோர் ஒன்றுகூடலை யாழ்ப்பாணத்தில், உங்கள் பாடசாலை மண்டபத்திலேயே வைக்கும்படி குழுவில் கேளுங்கள். 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரிலிருந்து மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது. கொழும்பில் வந்து இறங்குகிறவர்கள் வவுனியாவில் உங்களையும் ஏற்றிக்கொண்டு போகலாம். ரொறன்ரோவுக்கு வர முடியாதவர்கள், அழைப்பே போய்ச் சேராதவர்கள், குழுவில் இன்னும் சேராத மற்றத் தோழிகள், இறந்தவர்களின் தாய்மார், எல்லோருக்கும் அங்கே வர முடியும். மலர் அச்சுக்குப் போகும் நாளை நீங்கள் எழுதவில்லை. புத்தளத்துக்குப் போய் வருவதற்குத் தேவையான அளவுக்கு அதைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா